ஆடி முடிந்த ஆட்டத்தை மீண்டும் ஆடுதல்

சதுரங்கம் பயில்வோர்க்கு இருவகைப் பயிற்சி உண்டு. எதிரில் ஒருவரை அமர்த்தி ஆடுவது ஒன்று. வல்லார் இருவர் முன்னரே ஆடி முடித்த ஆட்டத்தைப் பலகையின்மீது மீண்டும் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பது மற்றொன்று. முன்னதை எல்லாரும் செய்கின்றனர். பின்னதைச் செய்வோர் சிலரே. அம்பாங் பெச்சா தொடங்கிக் கோல சிலாங்கூர் வரை, ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த பகுதிகளில் உள்ள பள்ளிகளுக்கு, இந்த இரண்டாவது பயிற்சியே மிகவும் ஏற்றது. பயிற்றுநர் வேண்டுவதில்லை; பயணச் செலவும் இல்லை. ஒரு பலகையும், ஓர் ஆட்டம் எழுதிய ஒரு தாளும், வினாக் கேட்கத் தெரிந்த ஓர் ஆசிரியரும் போதும்.

ஆயினும், இப்பயிற்சியை எவ்வாறு செய்வது என்பதில் பெரும் பிழை நேர்ந்துவிடுகிறது. ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களைச் செய்யுள்போல ஒப்பிக்கக் கற்பதே பயிற்சி எனப் பலர் கருதுகின்றனர். எட்டு நகர்த்தல்களை மனப்பாடம் செய்த சிறுவன், ஒன்பதாவதில் எதிராளி வேறு வழியில் சென்றதும் திகைத்துப்போகிறான். பொருள் அறியாமல் பாட்டை ஒப்பித்த மாணவன், தேர்வில் வினாவை மாற்றிக் கேட்டதும் விழிப்பதைப் போன்றதே இது. தொடக்கத்தை அதன் நோக்கத்தோடு கற்பது எவ்வாறு என்பதை ஓர் உண்மையான ஆட்டத்தைக் கொண்டு இங்குக் காணலாம்.

காய்களின் பெயர்

முதற்கண் பெயர்களைத் தெளிவு செய்துகொள்வது நன்று. இக்கட்டுரையில் அரசன், அரசி, மந்திரி, குதிரை, கோட்டை, காலாள் என்னும் பெயர்கள் ஆளப்படுகின்றன. மூலையில் நிற்கும் கோட்டையைத் தமிழ்நாட்டில் யானை என்றும் வழங்குவர். மலாய் மொழியிலோ 'கஜா' என்பது குறுக்காகச் செல்லும் மந்திரியைக் குறிக்கும். 'மெந்திரி' என்பது அரசியைக் குறிக்கும். ஆகவே, இரு மொழியிலும் ஆடும் பிள்ளைக்கு மயக்கம் உண்டாவது இயல்பே. கோட்டைக்கு மலாயில் 'தீர்' என்று பெயர். அது தமிழ்த் 'தேர்' என்னும் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்லாராய்ச்சியாளர் கொள்வர். ஆட்டத்தின் பெயராகிய 'சாத்துர்' என்பதும் சதுரங்கம் என்னும் வடசொல்லின் வழி வந்ததே. இவ்விளையாட்டு இம்மண்ணுக்குப் புதியதன்று என்பதற்குச் சொற்களே சான்று பகர்கின்றன.

கட்டங்களை ஏ முதல் எச் வரையுள்ள எட்டு எழுத்துகளாலும், 1 முதல் 8 வரையுள்ள எண்களாலும் குறிப்பர். வெள்ளையின் பக்கம் 1; கறுப்பின் பக்கம் 8.

எடுத்துக்கொண்ட ஆட்டம்

2013 ஜனவரியில் நெதர்லாந்து நாட்டின் வைக் ஆன் ஸீ என்னும் கடற்கரை ஊரில் நடந்த போட்டியில், ஆர்மீனியாவின் லெவோன் அரோனியன் வெள்ளைக் காய்களோடும், அந்நாளில் உலக வெற்றியாளராக இருந்த சென்னை விசுவநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களோடும் ஆடினர். அரோனியன் அக்காலத்தில் உலகின் முன்னணி வீரருள் ஒருவர். அத்தகையவர் கறுப்பின் 23-ஆவது நகர்த்தலோடு தோல்வியை ஒப்புக்கொண்டார். பலகையை எடுத்து வைத்துக்கொண்டு இதனைத் தொடர்வது நலம்.

முதல் எட்டு நகர்த்தல்கள் இவை: 1. டி4, டி5. 2. சி4, சி6. 3. குதிரை எஃப்3, குதிரை எஃப்6. 4. குதிரை சி3, இ6. 5. இ3, குதிரை பி8-லிருந்து டி7. 6. மந்திரி டி3, டி5 காலாள் சி4-ஐ வெட்டுகிறது. 7. மந்திரி சி4-ஐ வெட்டுகிறது, பி5. 8. மந்திரி மீண்டும் டி3, மந்திரி டி6.

இதனை மெரான் தொடக்கம் என்பர். இத்தாலியின் வட எல்லையிலுள்ள மெரான் நகரில் 1924-ஆம் ஆண்டு நடந்த போட்டியில், போலந்து நாட்டு வல்லுநர் அகிபா ரூபின்ஸ்டைன், குரூன்ஃபெல்டு என்பவருக்கு எதிராகக் கறுப்பில் இதனை ஆடி வென்றார். அன்று முதல் ஊரின் பெயரே தொடக்கத்தின் பெயராயிற்று.

நகர்த்தல்களை ஒப்பிப்பதற்கு முன் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. டி5, சி6, இ6 ஆகிய மூன்று கட்டங்களிலும் காலாட்களை நிறுத்தினால் கறுப்புக்குச் சுவர் உறுதியாகிறது. ஆனால், சி8-இல் உள்ள மந்திரி அச்சுவரின் பின்னே அடைபட்டுக் கிடக்கிறதே, அதனை எவ்வாறு வெளிக்கொணர்வது? மெரான் தொடக்கத்தின் உயிர் இவ்வினாவிலேயே இருக்கிறது. கறுப்பு சி4 காலாளை உடனே வெட்டவில்லை. வெள்ளை மந்திரி டி3-க்கு வரும்வரை காத்திருந்தது. வந்த பின்னரே வெட்டியது. அதனால் அம்மந்திரி சி4-க்குப் போய், பி5 காலாளால் விரட்டப்பட்டு, மறுபடியும் டி3-க்கே திரும்பிற்று. வெள்ளைக்கு ஆன விரயத்தில் கறுப்பு பி5-ஐப் பெற்றது. இனி மந்திரி பி7-க்குச் செல்லும். காலாள் சி6-லிருந்து சி5-க்கு முன்னேறும். அடைபட்ட மந்திரிக்கு ஏ8-லிருந்து எச்1 வரை நீண்ட சாலை திறக்கும். இவ்வளவும் தெரிந்த மாணவனுக்கு மனப்பாடம் தேவையில்லை. எதிராளி வழி மாறினாலும், 'என் மந்திரியை வெளியே கொண்டுவர வேண்டும்' என்னும் நோக்கம் அவனைக் கைவிடாது.

அடுத்துச் சென்றவை: 9. இருவரும் அரசன் பக்கம் கோட்டை கட்டுகின்றனர். 10. அரசி சி2, மந்திரி பி7. 11. ஏ3, கோட்டை சி8. 12. குதிரை ஜி5, சி5.

அணை உடைந்த இடம்

வெள்ளையின் அரசியும் டி3 மந்திரியும் ஒரே கோட்டில் எச்7-ஐ நோக்குகின்றன. ஜி5 குதிரையும் அங்கேயே குறிவைக்கிறது. அச்சம் கொண்டவர் எச்7-ஐக் காப்பார். ஆனந்தோ அதனைக் காவாமல், தொடக்கத்திலிருந்து காத்திருந்த சி5 நகர்த்தலைச் செய்தார். 13. குதிரை எச்7 காலாளை வெட்டிற்று. அது அங்கே நின்று எஃப்8 கோட்டையையும் அச்சுறுத்துகிறது. எஃப்6 குதிரையால் அதனை வெட்டினால், வெள்ளை மந்திரி எச்7-க்கு வந்து முற்றுகையிடும். ஒரு காலாள் நட்டமாகும். ஆனந்த் வெட்டவில்லை. குதிரையை ஜி4-க்குச் செலுத்தினார். கோட்டை தாக்குண்டபடியே நிற்கட்டும் என விட்டுவிட்டார்.

இந்த இடத்தில் ஆசிரியர் அடுத்த நகர்த்தலைத் தாளால் மறைத்துக்கொண்டு, 'இனி வெள்ளை என்ன செய்யும்?' என்று கேட்க வேண்டும். கோட்டையை வெட்டும் என்றே வகுப்பில் பலரும் சொல்வர். வெட்டினால் டி6 மந்திரி எச்2-இல் பாய்ந்து முற்றுகையிடும். பின்னர் அரசி எச்4-க்கு வரும். வெள்ளை அரசன் பெருந்தொல்லைக்கு உள்ளாவான். ஆகவே, அரோனியன் 14. எஃப்4 என ஆடி மந்திரியின் வழியை மறித்தார்.

பார்வைக்கு இது தக்க காவலே. ஆனால், எஃப்2-இல் இருந்த காலாள் அகன்றதால் ஏ7-லிருந்து ஜி1 வரை செல்லும் கருங்கட்டச் சாலையில் ஒரு காவல் குறைந்தது. அம்பாங் பெச்சா என்னும் பெயருக்கு உடைந்த அணை என்று பொருள். 1883-இல் கோல குபுவில் அணை உடைந்து பழைய ஊரை வெள்ளம் அழித்ததன் நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது. அணையில் ஓரிடம் நெகிழ்ந்தால் போதும், நீர் அவ்வழியே வரும். இந்த ஆட்டத்தில் நெகிழ்ந்த இடம் எஃப்2 ஆகும்.

14… சி5 காலாள் டி4-ஐ வெட்டுகிறது. 15. இ3 காலாள் டி4-ஐ வெட்டுகிறது, மந்திரி சி5. இப்போது டி4 காலாள் கட்டுண்டு நிற்கிறது. மந்திரியை வெட்டுவதைத் தவிர அது வேறு பக்கம் அசைந்தால், பின்னே ஜி1-இல் உள்ள அரசன் முற்றுகைக்கு உள்ளாவான். 16. மந்திரி இ2-க்கு இறங்கி ஜி4 குதிரையைத் தாக்கிற்று. அதற்கு விடையாக, டி7-இல் இருந்த மற்றொரு குதிரையை ஆனந்த் இ5-இல் வைத்தார். எஃப்4 காலாள் அதனை எளிதில் வெட்டலாம்!

வெட்டினால் என்ன ஆகும் என்பதைக் கைவைத்து நகர்த்தியே பார்த்தல் வேண்டும். 17. எஃப் காலாள் இ5-ஐ வெட்டினால், கறுப்பு அரசி டி4 காலாளை வெட்டி முற்றுகையிடும். 18. அரசன் எச்1-க்கு ஒதுங்க, அரசி ஜி1-க்குச் சென்று தன்னையே பலி கொடுக்கும். சி5 மந்திரியின் துணை இருப்பதால் அரசன் அதனை வெட்ட இயலாது, 19. கோட்டையே வெட்ட வேண்டும். உடனே ஜி4 குதிரை எஃப்2-இல் அமர, தன் காய்களாலேயே சூழப்பட்ட அரசன் முடிவுறுவான். இந்நகர்த்தல்கள் ஆட்டத்தில் நிகழவில்லை. ஆயினும், ஆடிய நகர்த்தல்களின் பொருள் ஆடாத நகர்த்தல்களிலேயே அடங்கியிருக்கிறது. விரைந்து நகர்த்திச் செல்பவர்க்கு இச்செல்வம் கிட்டாது.

அரோனியன் அதனைக் கண்டுகொண்டார். 17. மந்திரி ஜி4 குதிரையை வெட்டிற்று. மந்திரி டி4 காலாளை வெட்டி முற்றுகை. 18. அரசன் எச்1, குதிரை ஜி4 மந்திரியை வெட்டிற்று. 19. குதிரை ஒருவழியாக எஃப்8 கோட்டையை வெட்டிற்று. 13-ஆவது நகர்த்தலிலிருந்து தாக்குண்டு நின்ற கோட்டை அது! ஆனந்த் அப்போதும் எஃப்8 குதிரையை வெட்டாமல் எஃப்5 என ஆடினார். ஒரு காலாள், ஒரே அடி. வெள்ளை அரசி எச்7-க்கு வரும் வழி அடைபட்டது. ஜி4 குதிரைக்கும் துணை கிடைத்தது.

20. குதிரை ஜி6, அரசி எஃப்6. ஜி6 குதிரை எச்4-ஐக் காத்து, கறுப்பு அரசி அங்கு வருவதைத் தடுத்தது. 21. எச்3, அரசி ஜி6 குதிரையை வெட்டிற்று. இப்போது எச்3 காலாள் ஜி4 குதிரையை வெட்டினால், அரசி எச்6-க்கு வந்த அளவிலேயே ஆட்டம் முடியும். 22. அரசி இ2, அரசி எச்5. அடுத்து எச்3-ஐ வெட்டிக் கொல்லுதல் என்பதே இதன் அச்சுறுத்தல். பி7 மந்திரியால் கட்டுண்ட ஜி2 காலாள் திரும்ப வெட்ட இயலாது. 23. அரசி டி3-க்குச் சென்று மூன்றாம் வரிசை வழியாக எச்3-ஐக் காத்தது. மந்திரி இ3! அவ்வரிசையின் குறுக்கே அமர்ந்து அக்காவலை அறுத்துவிட்டது. மந்திரியை மந்திரியால் வெட்டினாலும், அரசி எச்3-ஐ வெட்டி முற்றுகையிட்டுப் பின்னர் ஜி2-இல் முடித்துவிடும். அரோனியன் விலகினார்.

தொடக்கத்தில் அடைபட்டுக் கிடந்த மந்திரியை இங்கு மறவாதிருத்தல் வேண்டும். 10-ஆவது நகர்த்தலில் பி7-க்கு வந்த அது, அதன்பின் ஓரடியும் அசையவில்லை. ஆயினும், முடிவில் ஜி2 காலாளைக் கட்டிவைத்தது அதுவே. தொடக்கத்தின் நோக்கம் ஆட்டத்தின் இறுதிவரை தொடர்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

பழைய ஆட்டத்தின் சாயல்

மெரான் போட்டியில் பெயர்பெற்ற அதே ரூபின்ஸ்டைன், அதற்கு முன் 1907-இல் லோட்ஸ் நகரில் ரொட்லேவி என்பவரோடு ஆடிய ஆட்டம் சதுரங்க நூல்களில் பெரிதும் போற்றப்படுவது. அதனை இவ்வாட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பு மேலிடும். அங்கும் வெள்ளை, 17-ஆவது நகர்த்தலில் எஃப்4 என ஆடிற்று. அங்கும் கறுப்பு மந்திரி ஒன்று அதே கருங்கட்டச் சாலையில், பி6-லிருந்து முற்றுகையிட்டது. அங்கும் அரசன் எச்1-க்கு ஒதுங்கினான். அங்கும் உடனே குதிரை ஜி4-க்குப் பாய்ந்தது. அங்கும் மற்றொரு மந்திரி பி7-லிருந்து எச்1-ஐ நோக்கி நின்றது. ரூபின்ஸ்டைன் தம் அரசியையே வெட்டுக்கு விட்டு, ஒரு கோட்டையை டி2-இல் பலியிட்டு, மற்றொரு கோட்டையை எச்3-இல் நிறுத்தி 25-ஆவது நகர்த்தலில் வென்றார்.

நகர்த்தல் வரிசை ஒன்றன்று, தொடக்கமும் ஒன்றன்று. ஆனால் கருத்து ஒன்றே. எஃப் காலாள் முன்னேறினால் அரசனுக்குச் செல்லும் கருஞ்சாலை திறக்கும். இரு மந்திரிகளும் இரு சாலைகளைப் பிடித்தால், இடையில் குதிரை புகுந்து வேலையை முடிக்கும். வரிசையை மட்டும் கற்றவர்க்கு 1907-ஆம் ஆண்டு ஆட்டம் 2013-இல் பயன்படாது. கருத்தைக் கற்றவர்க்கு நூற்றாண்டு கடந்தும் பயன்படும். பழைய ஆட்டங்களைப் படிப்பதன் பயன் இதுவே.

இன்னொன்றும் குறிக்கத்தக்கது. ஆனந்த் இவ்வழியை அன்று காலையில் கண்டுபிடிக்கவில்லை. 2012-இல் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டுடன் ஆடிய உலகப் பட்டப் போட்டிக்காக ஆராய்ந்து வைத்தது இது. அங்குப் பயன்படுத்த வாய்ப்பு நேரவில்லை; அடுத்த ஆண்டு வேறொருவரிடம் பயன்பட்டது. கற்றது எப்போது உதவும் என்று கற்கும்போது தெரிவதில்லை. கற்றது எப்போதும் வெற்றி தரும் என்பதும் இல்லை; அதே 2013 நவம்பரில், தாம் வளர்ந்த சென்னையிலேயே, மாக்னஸ் கார்ல்சனிடம் ஆனந்த் பட்டத்தை இழந்தார்.

குறிப்பெழுதிய தாய்

மயிலாடுதுறையில் 1969-இல் பிறந்த ஆனந்துக்குச் சதுரங்கம் கற்பித்தவர் தாயார் சுசீலா. தந்தையார் இரயில்வே பணியின் பொருட்டு மணிலா சென்றபோது குடும்பமும் உடன் சென்றது. அங்குத் தொலைக்காட்சியில் பகல் வேளையில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி வரும். மகன் அந்நேரம் பள்ளியில் இருப்பான். தாயார் அமர்ந்து, காட்டப்படும் ஆட்டங்களையும் புதிர்களையும் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் பலகையில் அவற்றை அமைத்து விடை காண்பர். சரியான விடை அனுப்பியோர்க்கு நூல் பரிசு. சிறுவன் திரும்பத் திரும்ப வெல்லவே, 'வேண்டிய நூல்களை எல்லாம் எடுத்துக்கொள். இனி விடை அனுப்பாதே' என்று நிகழ்ச்சியினர் சொல்லிவிட்டதாக ஆனந்தே நினைவுகூர்ந்துள்ளார். பின்னர்ச் சென்னையில், இந்தியாவின் முதல் அனைத்துலக மாஸ்டரான மானுவேல் ஆரன் தொடங்கிய தால் சதுரங்கக் கழகம் அவரை வளர்த்தது. ஆயினும், அடித்தளம் இட்டது தாயார் கையால் எழுதிய அந்தத் தாள்களே.

வகுப்பில் செய்யும் முறை

செய்யுள் கற்பிக்கத் தெரிந்த தமிழாசிரியர்க்கு இம்முறை புதிதன்று. முதலில் செய்யுளை முழுமையாக ஓதுவதுபோல், ஆட்டத்தை இடைநிறுத்தாமல் ஒருமுறை நடத்திக் காட்டலாம். அடுத்துச் சொற்பிரித்துப் பொருள் கூறுவதுபோல், ஒவ்வொரு நகர்த்தலிலும் நின்று அடுத்ததைத் தாளால் மறைத்து, மாணவர் தம் விடையை எழுதிய பின்னரே திறக்க வேண்டும். மூன்றாவதாக, விடை வேறுபட்ட இடங்களில், 'எதிராளி விரும்பியது என்ன? நீ சொன்னதை ஆடினால் அவன் என்ன செய்வான்?' என்று வினவ வேண்டும். நான்காவதாக, ஒரே கருத்துடைய பழைய ஆட்டம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இறுதியில், ஆட்டத்தின் கதையை மாணவர் தம் சொற்களில் ஒரு பக்கம் எழுத வேண்டும். இதனால் சதுரங்கத்தோடு கட்டுரை எழுதும் திறனும் வளரும்.

இந்நாளில் கணினி நொடிப்பொழுதில் சரியான நகர்த்தலைக் காட்டிவிடும். அது தீதன்று, ஆனால், வரிசை முக்கியம். மாணவர் எண்ணி எழுதிய பின்னர்க் கணினியைக் கேட்டால், அது ஆசிரியரின் துணைவன். எண்ணுவதற்கு முன்னரே கேட்டால், அது விடைநூலைப் பார்த்து எழுதுவதற்கு ஒப்பாகும். சோவியத்து வல்லுநர் மிகயில் பொட்வின்னிக் தம் மாணவரிடம் இடைவிடாது வற்புறுத்தியது, தாம் ஆடிய ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து எழுத வேண்டும் என்பதையே. எனவே, வல்லார் ஆட்டத்தில் பழகிய மாணவர், அடுத்துத் தாம் தோற்ற ஆட்டத்தையும் இவ்வாறே மீண்டும் ஆடிப் பார்க்கலாம். தோல்வி அப்போது பழியாக இராது; பாடமாகும்.

2024 டிசம்பரில், சென்னையைச் சேர்ந்த குகேஷ் தம் 18-ஆவது வயதில் உலகப் பட்டம் வென்றார். அது நிகழ்ந்தது அண்டை நாடாகிய சிங்கப்பூரில். அச்செய்தியைப் படித்த தோட்டப்புறப் பிள்ளைகள் பலகையைத் தேடியிருப்பர். பலகையோடு ஒரு தாளையும் ஒரு பென்சிலையும் அவர்கள் கையில் கொடுப்பது ஆசிரியர் கடன்.